டூவீலர் டவுட்டு: எல்.இ.டி பல்பு போட்டா ராத்திரி ரோடு தெரியுமா?

இந்த தடவ வந்த கேள்வியில பாதிக்கு மேல ஹெட்லைட்டு பத்தி தான். அதனால கார்ப்பரேட்டர், செயின் ஸ்ப்ராக்கெட் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிட்டேன், கோச்சுக்காதீங்க.

அண்ணே வணக்கம். மில்லுல செகண்ட் ஷிப்ட் முடிச்சு ராத்திரி பதினொன்னரைக்கு கெளம்பி எரியோடு வழியா பதினாலு கிலோமீட்டர் வீட்டுக்கு போறேன். 2012 மாடல் 100 சிசி வண்டி, லைட்டு மெழுகுவத்தி மாதிரி எரியுது. போன வாரம் பெயிண்ட் அடிக்காத வேகத்தடையில தூக்கி போட்டுருச்சு. முன்னூத்தம்பது ரூபாய்க்கு எல்.இ.டி பல்பு விக்குதே, வாங்கி மாட்டிரலாமா?
— வாசகர், வேடசந்தூர்

தம்பி, மொதல்ல கை கால் நல்லாருக்குல்ல, அது போதும். பல்பு அப்புறம் வாங்கிக்கலாம், இத கேளு. அறுபதுல போறப்ப வண்டி ஒரு செகண்டுக்கு பதினாறு பதினேழு மீட்டர் ஓடுது. எதையோ பாத்து, மூளைக்கு எட்டி, கை பிரேக்கை புடிக்க ஒன்னரை செகண்டு ஆச்சுன்னா அதுலயே 25 மீட்டர் போச்சு, அப்புறம் காஞ்ச ரோட்ல நல்ல பிரேக்கு இருந்தாலும் நிக்கறதுக்கு இன்னொரு 25 மீட்டர் கிட்ட வேணும். ஆக அம்பது மீட்டர் தள்ளி இருக்கறது உன் கண்ணுக்கு தெரிஞ்சாதான் அறுபதுல போகலாம். உன் லைட்டு இருவது மீட்டர் தான் காட்டுதுன்னா இன்னிக்கு ராத்திரில இருந்தே முப்பதுக்கு மேல போகாத, லைட்ட சரி பண்ற வரைக்கும்.

இப்ப லைட்டு ஏன் மங்குச்சுன்னு பாப்போம். உன் வண்டியில இருக்கறது பெரும்பாலும் எச்.எஸ்.1ன்னு சொல்ற 35 வாட் ஹாலஜன் பல்பு, அது புதுசுல இவ்ளோ மங்கலா எரியாது. எங்க கடைக்கு போன மாசம் ஒரு 150 சிசி வண்டி இதே கம்ப்ளைண்டோட வந்துச்சு, ஓனரு கையிலயே எல்.இ.டி பல்பு டப்பாவோட நிக்கறாரு. நான் மீட்டர வச்சு பாத்தேன், இன்ஜின் ஓடுறப்ப பேட்டரியில 13.8 வோல்ட், பல்பு ஹோல்டர்ல 11.4 தான். லைட்டுக்கு பின்னாடி வயர சேக்குற கப்ளர புடுங்குனா உள்ள பின்னெல்லாம் பச்சை பூத்து கெடக்கு, ஒரு பின்னு சூட்டுல பழுப்பாவே மாறிருச்சு. ஹாலஜனுக்கு ஒரு கொணம் உண்டு, வோல்டேஜ் பத்து பர்சென்ட் கொறஞ்சா வெளிச்சம் முப்பது பர்சென்ட் கொறையும், இவருக்கு அந்த ரெண்டு வோல்ட்ட தொலைச்சதுல பாதி வெளிச்சமே போயிருச்சு. பின்ன மாத்தி, எர்த் வயர சொரண்டி டைட் பண்ணி விட்டதும் 13.1 வந்துச்சு, பழைய பல்புலயே ரோடு தெரிஞ்சுது, அவரு டப்பாவ கடையில திருப்பி குடுத்துட்டாரு.

அதனால நீயும் மொதல்ல கப்ளர், எர்த்து, சுவிட்ச் இதெல்லாம் கிளீன் பண்ண சொல்லு. அடுத்தது டூம, அதான் ஹெட்லைட்டு கூட்ட, உள்ள எட்டிப்பாரு, ரிஃப்ளெக்டர் கண்ணாடி மாதிரி மின்னனும், புகை புடிச்ச மாதிரி இருந்துச்சுன்னா எந்த பல்பு போட்டாலும் வேஸ்ட்டு. துணிய விட்டு தொடைக்காத, அந்த பூச்சு ரொம்ப மெல்லிசு, கையோட வந்துரும், டூம் அசெம்பிளியவே மாத்திரு. புது ஹாலஜன் மாத்துறப்ப பல்பு கண்ணாடிய வெறுங்கையால தொடாத, வெரல்ல இருக்கற எண்ணெய் பட்ட எடத்துல சூடு ஏறி சீக்கிரம் போயிரும்.

இன்னொன்னு, பழைய 100 சிசி வண்டிகள்ல நெறைய ஹெட்லைட்டு பேட்டரியில எரியறதில்ல, நேரா இன்ஜின்ல இருக்கற காயில்ல இருந்து வர்ற ஏசி கரண்டுல எரியுது. வண்டிய ஐடில்ல விட்டு பாரு, லைட்டு மங்கி ஆக்சிலேட்டர் முறுக்குனா கூடுதுன்னா ஏசின்னு வச்சுக்க. அதுல பேட்டரி கரண்டுக்கு (டிசி) செஞ்ச எல்.இ.டி பல்ப மாட்டுனா விட்டு விட்டு துடிக்கும், கொஞ்ச நாள்ல செத்தும் போகும். லைட்ட டிசிக்கு மாத்தணும்னா பல வண்டியில ரெகுலேட்டர் மட்டும் மாத்துனா பத்தாது, காயில் வயரிங்லயும் கைய வைக்கணும், அத தெரிஞ்ச எலெக்ட்ரீஷியன் தான் செய்யணும். முன்னூத்தம்பது ரூவா வேலை இல்ல தம்பி இது.

சார், என் புல்லட்ல எச்4 பல்ப எடுத்துட்டு எல்.இ.டி போட்டேன். டப்பாவுல 120 வாட்னு போட்டுருந்துச்சு. எனக்கு பளிச்னு தெரியுது, ஆனா எதிர்ல வர்றவங்க எல்லாரும் டிம் அடிக்க சொல்லி லைட்ட அடிக்கிறாங்க, நான் லோ பீம்ல தான் போறேன். ஏன் இப்படி?
— வாசகர், மன்னார்குடி

சார், எதிர்ல வர்றவங்க சொல்றது நெசம். இத கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா விஷயமே இதுலதான் இருக்கு.

உங்க பழைய எச்4 பல்ப கையில எடுத்து வெளிச்சத்துல புடிச்சு பாருங்க. உள்ள ரெண்டு சுருள் கம்பி இருக்கும், ஒவ்வொன்னும் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் நீளம். லோ பீம் சுருளுக்கு அடியில மட்டும் சின்ன கரண்டி மாதிரி ஒரு தகடு தாங்கிட்டு நிக்கும். அந்த கரண்டி தான் ஹீரோ. லோ பீம்ல வெளிச்சம் ரிஃப்ளெக்டரோட மேல் பாதியில மட்டும் பட்டு ரோட்ட பாத்து கீழ எறங்குது, கீழ் பாதியில படாம கரண்டி மறைச்சுக்குது. கீழ் பாதியில பட்டுச்சுன்னா அது மேல கெளம்பி எதிர்ல வர்றவன் கண்ணுல தான் போய் விழும். அந்த சுருள் எங்க நிக்குதோ அந்த எடத்த கணக்கு பண்ணித்தான் ரிஃப்ளெக்டரோட வளைவையே செஞ்சிருக்கான், ரெண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனா பீம் கலைஞ்சிரும்.

மலிவான எல்.இ.டி பல்புல அந்த கரண்டியே இருக்காது, இல்ல பேருக்கு ஒன்னு ஒட்டியிருக்கும், வெளிச்சம் குடுக்கற சிப்பும் சுருள் இருந்த எடத்துல இருக்காது. அதனால வெளிச்சம் ஜாஸ்தியா இருந்தும் கண்ட பக்கம் தெறிக்குது. உங்களுக்கு பளிச்னு தெரியறது முன் சக்கரத்துல இருந்து பத்து மீட்டர் தான் சார். பக்கத்துல அவ்ளோ வெளிச்சம் இருந்தா கண்ணு அதுக்கு பழகி சுருங்கிக்கும், தூரத்துல இருக்கறது இன்னும் இருட்டா போகும். எதிர்ல சைக்கிள்ல வர்ற பெரியவர் உங்க லைட்டுல கண்ணு கூசி ஓரத்துல எறங்கிட்டா யாரு பொறுப்பு? அவருக்கும் ரோடு தெரியணும்ல.

120 வாட்டெல்லாம் டப்பாவுல மட்டும் தான். அவ்ளோ கரண்டு எடுத்தா அந்த கட்டைவெரல் சைஸ் பல்பு சூட்ட எங்க கொண்டுபோய் தள்ளும்? நான் ஆம்ப் மீட்டர் போட்டு பாத்ததுல இந்த மாதிரி பல்பு பெரும்பாலும் இருவது இருவத்தஞ்சு வாட் தான் இழுத்துச்சு. ஜெர்மனியிலயே ஹாலஜன் எடத்துல போடுற எல்.இ.டி பல்புக்கு 2020ல தான் மொத மொதல்ல சட்டப்படி ஓகே குடுத்தாங்க, அதுவும் எல்லா வண்டிக்கும் இல்ல, டெஸ்ட் பண்ணி லிஸ்ட்டுல வந்த மாடலுக்கு மட்டும். பல்பு ஒன்னே ஆனாலும் டூமுக்கு டூம் பீம் மாறும்ங்கறதால தான் அப்படி.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. வண்டிய செவுத்துக்கு நேரா அஞ்சு மீட்டர் தள்ளி சமதரையில நிறுத்துங்க, நீங்க மேல ஒக்காந்துக்கங்க, கூட ஒருத்தர ஹெட்லைட்டோட நடு உயரத்த செவுத்துல சாக்பீஸால கோடு போட சொல்லுங்க. லோ பீம் போட்டா வெளிச்சம் கத்தியால வெட்டுன மாதிரி ஒரு கோட்டுல முடியணும், அந்த கோடு சாக்பீஸ் கோட்டுக்கு கொறஞ்சது அஞ்சு சென்டிமீட்டர் கீழ இருக்கணும். கோடே இல்லாம மேல வரைக்கும் புகை மாதிரி பரவி இருந்துச்சுன்னா, சிப்பு ரெண்டும் இடது வலதா பாத்த மாதிரி இருக்கா, இல்ல மேல கீழ பாத்துட்டு இருக்கான்னு பாருங்க, பல்ப புடிச்சுருக்கற வளையத்த (காலர்) திருப்பி இடது வலதுக்கு கொண்டு வாங்க. அதுக்கும் கோடு வரலன்னா பல்ப கழட்டிட்டு நல்ல கம்பெனி 60/55 வாட் ஹாலஜனையே போட்டுட்டு, பேட்டரியில இருந்து நேரா ஃபியூஸோட ஒரு ரிலே கிட் (சுவிட்ச் வழியா போகாம பல்புக்கு நேரா கரண்டு குடுக்கற செட்டு) இழுத்துருங்க. 100/90 வாட் பல்பு மட்டும் வேண்டாம், நான் தொழில் பழகுன காலத்துல ஒரு வண்டிக்கு அத மாட்டி, ஒரே மாசத்துல ஹோல்டர் உருகி கையோட வந்துச்சு.

அண்ணா, வால்பாறைக்கு அடிக்கடி போவேன். கவர்க்கல் பக்கம் மூடுபனியில வெள்ளை எல்.இ.டி லைட்டு போட்டா முன்னாடி செவுரு கட்டுன மாதிரி இருக்கு. மஞ்சள் போடலாமா?
— வாசகி, பொள்ளாச்சி

போடலாம்மா, 6000 கெல்வின் (லைட்டு கலரோட அளவு) வெள்ளைய விட 3000 பக்கம் இருக்கற மஞ்சள் கண்ணுக்கு கூச்சம் கம்மி, மழையில நனைஞ்ச தார் ரோட்லயும் பரவால்லாம தெரியும். ஆனா பனி எந்த கலர் லைட்டையும் திருப்பித்தான் அடிக்கும், அதனால கலர விட பீம் எங்க விழுதுங்கறது முக்கியம். பனியில ஹை பீம் போடவே போடாத. ஃபாக் லைட்டு தனியா வைக்கறதுன்னா ஹெட்லைட்டுக்கு கீழ, எவ்ளோ தாழ முடியுமோ அவ்ளோ தாழ, அகலமா விழுற மாதிரி வையி, சுவிட்ச் தனியா இருக்கட்டும், பனி முடிஞ்சதும் அணைச்சிரு. நாப்பது கொண்டை ஊசி வளைவு இருக்கற ரோடும்மா, அந்த நேரம் ஓரத்துல இருக்கற வெள்ளை கோட்ட புடிச்சுட்டு மெதுவா போறதுதான் நல்லது.

எல்.இ.டி மாத்துனா போலீஸ் புடிப்பாங்களா?
— வாசகர், ஓசூர்

கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷன மாத்தறத மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு தடுக்குது, 182ஏ பிரிவுல ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூவா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு கூட இருக்கு. ஷோரூம்ல இருந்தே எல்.இ.டியோட வர்ற வண்டிக்கு இந்த பிரச்சனையே இல்ல, அது லென்ஸு, சிப்பு எல்லாம் ஒன்னா டெஸ்ட் ஆகி வர்றது. பகல்ல லைட்டு எரியுதேன்னு சுவிட்ச் வச்சு கட் பண்ணி குடுங்கன்னும் சில பேர் வர்றாங்க, 2017 ஏப்ரல்ல இருந்து வர்ற டூவீலர்ல லைட்டு தானா எரியணும்கறது ரூலு, லாரிக்காரர் கண்ணுல நீங்க படணும்னு தான் அது, அத கட் பண்ண நான் ஒத்துக்க மாட்டேன்.

அண்ணே, தனியா போறப்ப லைட்டு கரெக்டா இருக்கு. வீட்டுக்காரம்மாவையும் பையனையும் ஏத்துனா வெளிச்சம் மரத்துல அடிக்குது!
— வாசகர், அரியலூர்

பின்னாடி வெயிட்டு ஏறுனா ஷாக் அப்சார்பர் அமுங்கி மூஞ்சி தூக்குது, அதோட லைட்டும் தூக்குது. உங்க வண்டியில பின் ஷாக்குல படிப்படியா வெட்டு இருக்கும், அதுல ரெண்டு ஸ்டெப் கூட்டி வைங்க. அப்பயும் மேல போச்சுன்னா டூமுக்கு அடியில ஒரு போல்ட்டு இருக்கும், அத லூஸ் பண்ணி குடும்பத்தோட ஒக்காந்தே செவுத்துல பாத்து எறக்கிக்கங்க. தனியா போறப்ப கொஞ்சம் கிட்டக்க விழும், அதுக்கு தகுந்த மாதிரி மெதுவா போங்க. டயர் காத்தும் பாருங்க, பின்னாடி காத்து கம்மியா இருந்தாலும் இதே மாதிரி தான் தூக்கும்.