மேடைக்காரர்களிடம் மட்டும் ஏன் விசுவாசம் கேட்கிறீர்கள்?

கேள்வி: நாடகக் குழுக்களில் வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்துவிட்டு, சினிமாவில் ஒரு வாய்ப்பு கிடைத்ததும் மேடையை மறந்துவிடுகிறார்கள். நாடகத்தை ஏணியாக வைத்து ஏறிப்போவது நன்றிகெட்ட செயல் இல்லையா? அந்தக் காலத்து நடிகர்கள் கலைக்காகவே வாழ்ந்தார்கள். இப்போது என் தங்கை மகனும் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு ஒரு நாடகக் குழுவில் சேரப்போவதாகச் சொல்கிறான். தடுக்கலாமா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நன்றிகெட்ட செயல் இல்லை. இந்தக் குற்றச்சாட்டைப் பல வருஷங்களாகக் கேட்டு வருகிறேன். ஒவ்வொரு தடவையும் அது நடிகன்மேல்தான் விழுகிறது. அந்த நடிகன் மேடையில் நின்ற காலத்தில் அவனுக்குச் சோறு போட்டது யார் என்று எவரும் கேட்பதில்லை.

முதலில் உங்கள் 'அந்தக் காலத்தை' எடுத்துக்கொள்வோம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபை என்ற பாய்ஸ் கம்பெனியை, அதாவது சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். பின்னாளில் பெயர்பெற்ற நடிகரான டி.கே.சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. ஆறு வயதுப் பையன் கலைக்காக வாழ முடிவெடுத்து வந்திருப்பானா? எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனது, தகப்பனை இழந்த குடும்பத்தில் கும்பகோணத்தில் தாயார் பட்ட கஷ்டத்தால். பாய்ஸ் கம்பெனி என்றால் சாப்பாடு உண்டு, தங்க இடம் உண்டு, பாட்டும் வசனமும் அடவும் கற்றுக்கொடுக்க வாத்தியார் உண்டு. அடியும் உண்டு. வறுமை கொண்டுபோய் விட்ட பிள்ளைகள் அங்கே கலைஞர்களாக வளர்ந்தார்கள். அந்தக் கம்பெனிகள் கொடுத்த பயிற்சிக்கு இணையாக இன்றுவரை தமிழ்நாட்டில் வேறு எதுவும் வரவில்லை என்பது என் எண்ணம். ஆனால் அதைத் தியாகக் கதையாக மாற்றாதீர்கள்.

சரி, அவர்கள் சினிமாவுக்குப் போகாமல் இருந்தார்களா? கூட்டமாகப் போனார்கள். 1936இல் வந்த 'சதிலீலாவதி'யின் நடிகர் பட்டியலைப் பாருங்கள்: எம்.கே.ராதா, எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கிருஷ்ணன், டி.எஸ்.பாலையா. எல்லாரும் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக ஆனது 1947இல், 'ராஜகுமாரி'யில். நடுவில் பதினோரு வருஷம் சின்னச் சின்ன வேடங்கள். சிவாஜி கணேசன் கம்பெனி மேடைகளில் பெண் வேடம் கட்டி வளர்ந்து, 1952இல் 'பராசக்தி' மூலம் திரைக்கு வந்தவர். 'பராசக்தி'யே முதலில் நாடகம்தான். இவர்களை எல்லாம் நன்றிகெட்டவர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கு அறுநூறு சதுர அடி வாடகை வீட்டில் இருக்கும் நடிகனை மட்டும் எழுதுகிறீர்கள்.

எம்.ஆர்.ராதாவின் வழி வேறு. அவர் சினிமாவில் தலைகாட்டிவிட்டு மேடைக்கே திரும்பியவர். திருவாரூர் தங்கராசு எழுதிய 'ரத்தக் கண்ணீர்' நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனார். 1954இல் அது படமாக வந்த பிறகும் அதே நாடகத்தை நடத்தினார். சொந்தக் குழுவும், டிக்கெட் வாங்கிப் பார்க்கக் கூடிய பெருங்கூட்டமும் இருந்ததால் அவரால் இரண்டு இடத்திலும் கால் ஊன்ற முடிந்தது. அந்தக் கூட்டத்தை இன்றைய மேடை நடிகனுக்கு யார் சேர்த்துக் கொடுத்தோம்?

அடுத்து வந்தது சபா காலம், அதாவது ஊர்ச் சங்கங்கள் நாடகக் குழுக்களை அழைத்து நிகழ்ச்சி நடத்திய காலம். இந்தக் காலத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் மேடை நாடகத்துக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பது இங்கேதான் பளிச்சென்று தெரியும். கே.பாலசந்தர் சென்னையில் ஏ.ஜி. ஆபீஸ் என்ற மத்திய அரசின் கணக்குத் துறை அலுவலகத்தில் வேலை பார்த்தார். நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. பூர்ணம் விஸ்வநாதன் அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்தவர். டெல்லி கணேஷ் விமானப் படையில் இருந்துவிட்டு மேடைக்கு வந்தவர். கிரேசி மோகன் படித்தது எஞ்சினீயரிங், வேலை பார்த்தது சுந்தரம் கிளேட்டனில். பூர்ணத்துக்கு நாடகம் எழுதிக் கொடுத்த சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் அதிகாரி. இந்திரா பார்த்தசாரதி டெல்லியில் பேராசிரியர். ஆபீஸ் விட்டு வந்து ஒத்திகை, சனி ஞாயிறு சபாவில் நாடகம், திங்கட்கிழமை மறுபடி ஆபீஸ். சபா கொடுத்த தொகை அரங்க அமைப்புக்கும் ஒப்பனைக்கும் வண்டிக்கும் போனது. வீட்டு அரிசியை மாதச் சம்பளம் வாங்கியது. தமிழ் மேடையின் நல்ல முப்பது வருஷத்துக்குப் படியளந்தது ரசிகர்களைவிட மத்திய அரசு ஆபீசும் வங்கியும் தொழிற்சாலையும்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அவர்களிலும் பலர் சினிமாவுக்குப் போனார்கள். பாலசந்தர் 1964இல் 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதினார், 1965இல் 'நீர்க்குமிழி' மூலம் இயக்குநர் ஆனார். அதுவும் அவருடைய மேடை நாடகம்தான். கிரேசி மோகன் கமல்ஹாசன் படங்களுக்கு எழுதிக்கொண்டே கடைசிவரை மேடையிலும் இருந்தார். சினிமாப் பணம் கையில் இருந்தபோதும் மேடையை விடாதவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. ஆனால் எல்லாராலும் அப்படி இருக்க முடியாது. நகைச்சுவைக்கு அரங்கம் நிறைந்தது. கனமான நாடகம் போட்டவருக்கு அது நடக்கவில்லை.

இந்த இடத்தில் எழுத்தாளரையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் நடிகர்களைப் பற்றி மட்டும் கேட்டீர்கள், ஆனால் மேடையிலிருந்து சினிமா எடுத்துக்கொண்டதில் பெரிய பங்கு கதை. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' மேடையில் பேசப்பட்ட நாடகம். 1981இல் பாலசந்தர் அதைப் படமாக்கினார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும், திரைக்கதைக்காகப் பாலசந்தருக்குத் தேசிய விருதும் கிடைத்தன. நல்ல படம், விருதுக்குத் தகுதியான படம். இருந்தாலும் இன்று தெருவில் பத்துப் பேரை நிறுத்தி 'தண்ணீர் தண்ணீர்' யாருடையது என்று கேட்டால் கோமல் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்? அந்தக் கோமல்தான் 1991 முதல் 'சுபமங்களா' இலக்கிய இதழின் ஆசிரியராக இருந்து, நவீன நாடகக்காரர்களுக்காக ஊர் ஊராக நாடக விழா நடத்தினார். 1995இல் அவர் மறைந்த பிறகு அந்த விழாக்களும் நின்றுபோயின. அவற்றைத் தொடர்ந்து நடத்த இங்கே ஓர் அமைப்பு இல்லாமல் போனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இனி நீங்கள் குறி வைக்கும் ஆட்களுக்கு வருவோம். புஞ்சை என்ற ஊரில் பிறந்த எழுத்தாளர் ந.முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். புரிசை கிராமத்துக் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்து, அதிலிருந்து நடிகனின் உடம்புக்கும் குரலுக்கும் ஒரு பயிற்சியை உருவாக்கினார். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் எல்லாரும் அங்கிருந்து வந்தவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்குப் பார்த்தவர். முழுநேர நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் துணிச்சலான காரியத்தை முத்துசாமி செய்தார். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஃபோர்டு அறக்கட்டளையிடமிருந்து. தமிழ் நடிகன் தமிழ் நாடகத்தில் முழுநேரம் நடிப்பதற்கு அமெரிக்காவிலிருந்து நிதி வர வேண்டியிருந்தது. அந்த மாதிரி நிதி ஒருநாள் நிற்கும். நின்றால் நடிகன் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள்?

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 1989இல் கர்நாடக அரசு மைசூரில் ரங்காயணா என்ற நாடக நிறுவனத்தைத் தொடங்கி, நாடக இயக்குநர் பி.வி.காரந்தை அதன் தலைவராக உட்கார வைத்தது. அங்கே நடிகர்களுக்கு மாதச் சம்பளம். டெல்லியில் தேசிய நாடகப் பள்ளியின் ரெபர்ட்டரி, அதாவது சம்பளம் பெறும் நடிகர்களின் குழு, 1964 முதல் இருக்கிறது. அங்கிருந்தும் சினிமாவுக்குப் போகிறார்கள், ஆனால் போகாமல் இருப்பவர் பட்டினி கிடப்பதில்லை. நாடகத்திலிருந்து வந்த இத்தனை பேரை முதலமைச்சர்களாகப் பார்த்த தமிழ்நாட்டில் அப்படி ஒரு சம்பளக் குழு இல்லை. உங்கள் கோபத்தை இந்தப் பக்கம் திருப்புங்கள். தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு எழுதுங்கள், பண்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். எனக்கு எழுதியதைவிட அதில் பலன் இருக்கும்.

இன்னொன்று. மேடையை விட்டுப் போகாத நடிகர்கள் வேண்டும் என்றால் மதுரை, புதுக்கோட்டை பக்கம் போய்ப் பாருங்கள். திருவிழாக் காலத்தில் விடிய விடிய வள்ளி திருமணமும் அரிச்சந்திர மயான காண்டமும் நடக்கும். ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), ஆர்மோனியக்காரர் எல்லாரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்தும் ஸ்பெஷல் நாடகம் அது. சீசன் முடிந்தால் மற்ற மாதங்களில் கிடைக்கிற வேலையைப் பார்க்கிறார்கள். அந்த ஸ்திரீபார்ட் பெண்கள் தெருவில் கேட்ட பேச்சு கொஞ்சமில்லை. மேடையிலேயே ஆயுளைக் கழித்த இவர்களில் ஒருவர் பெயரைக்கூட உங்கள் கடிதத்தில் காணோம். அப்படியென்றால் விட்டுப் போனவர்களிடம் விசுவாசம் கேட்பதில் என்ன நியாயம்?

உங்கள் தங்கை மகனைத் தடுக்க வேண்டாம். வேலையை உடனே விட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். ஓராண்டு, மாலை ஒத்திகைக்குப் போகட்டும். அந்தக் குழு வருஷத்துக்கு எத்தனை மேடை ஏறுகிறது, நடிகர்களுக்கு ஏதாவது தருகிறதா, பயிற்சி தருபவர் யாரிடம் கற்றவர் என்று அவனையே விசாரித்து வரச் சொல்லுங்கள். முறையாகப் படிக்க விரும்பினால் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது, திருச்சூரில் நாடகப் பள்ளி இருக்கிறது. டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்று வருஷப் படிப்பு, உதவித்தொகையோடு. அங்கே இடம் கிடைப்பது கஷ்டம், ஆனாலும் விண்ணப்பிக்கட்டும். பிறகு அவன் சினிமாவுக்குப் போனால் போகட்டும். ஒருவேளை மேடையிலேயே இருந்துவிட்டால் வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் குடும்பத்தில் யார் எவ்வளவு போடுவது என்பதை உங்கள் தங்கையோடு உட்கார்ந்து இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.