எட்டுப் பேர் இழுத்தால் நான்கு பேர் பலம்

கல்லூரியில் 28 ஆண்டுகள் உளவியல் நடத்திவிட்டு, இப்போது மன்னார்குடிப் பக்கம் மூன்று மா நிலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன் நான். கூட்டத்தில் மனிதர் ஏன் வேறு ஆளாகிவிடுகிறார் என்று பலர் பலவிதமாகக் கேட்டிருந்தார்கள். பதில் சொல்ல முடிந்தவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

திருவாரூர் வாசகர்: ஐயா, ஆழித்தேரின் வடத்தைப் பிடிக்கும் ஆயிரக்கணக்கானோரில் உண்மையாக இழுப்பவர் எத்தனை பேர்? பலர் தொட்டுக்கொண்டு நடப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கண்ணில் பழுதில்லை. பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் மேக்ஸ் ரிங்கல்மான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு விசையை அளந்தார். முடிவுகளை 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக் கூடத் தலைக்கு வரும் பலம் குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, அவர்கள் தனித்தனியே இழுத்திருந்தால் வரும் கூட்டுத்தொகையில் ஏறக்குறையப் பாதிதான் கிடைத்தது.

இழந்த பாதியில் ஒரு பகுதி, எல்லாருடைய இழுப்பும் ஒரே நொடியில் சேராததால் வீணாவது. 96 அடி உயரம், 300 டன் எடை என்று சொல்லப்படும் தேர், ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் அசையுமா? “ஆரூரா, தியாகேசா” முழக்கம் பக்தியோடு தசைக்கும் தாளம் கொடுக்கிறது. மீதியை 1974இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஒருவரைக் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னால் நிறுத்தி, பின்னால் நிற்பவர்களை இழுப்பதுபோல் நடிக்கச் சொன்னார்கள். பின்னால் ஆள் இருக்கிறது என்று நம்பியதுமே முன்னவரின் கை தளர்ந்தது. 1979இல் பிப் லத்தானேயின் குழு கைதட்டலிலும் கூச்சலிலும் இதையே கண்டு ‘சமூகச் சோம்பல்’ என்று பெயர் வைத்தது.

அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது. தன் பங்கு தனியாகத் தெரியாத இடத்தில் நிற்கிறார், அவ்வளவுதான். பங்கு தெரிந்துவிட்டால் தளர்ச்சி பெரும்பாலும் போய்விடுகிறது. என் தகப்பனார் காலத்தில் எங்கள் வாய்க்காலைத் தூர்வாரும்போது, நிலத்தின் அளவுக்கு ஏற்ப முளைக்குச்சி அடித்துப் பங்கு பிரிப்பார்கள். எந்தக் குச்சிக்கும் எந்தக் குச்சிக்கும் நடுவில் கோரை நிற்கிறது என்பது கரையில் சைக்கிளில் போகிறவருக்கும் தெரியும். அதற்குமேல் கண்காணிக்க ஆள் தேவைப்படவில்லை.

அவரே மீண்டும்: நீங்கள் வடம் பிடித்தபோது?

முதல் வீதி முடியும்வரை மனசாட்சியோடு இழுத்தேன். பிறகு வடம்தான் என்னை இழுத்தது.

வலங்கைமான் வாசகி: எங்கள் மகளிர் குழுவில் தலைவி எதைச் சொன்னாலும் பன்னிரண்டு பேரும் தலையாட்டுகிறோம். திரும்பி வரும் வழியில், “எனக்கு இதில் இஷ்டமே இல்லை” என்று ஆளாளுக்குச் சொல்கிறோம். இது கோழைத்தனமா?

இல்லை அம்மா. நாம் வாய் திறக்காததற்குத் தயக்கம்தான் காரணம் என்று நமக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்காவிட்டால் மட்டும் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். பன்னிரண்டு பேரும் இப்படியே எடுத்துக்கொண்டால் யாருக்கும் பிடிக்காத தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிடும்.

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளைக் காட்டி, எது எதற்குச் சமம் என்று கேட்டார். சிறுபிள்ளைக்கும் தெரியும் விடை. முன்கூட்டியே சொல்லிவைத்த ஆட்கள் ஒரே குரலில் தவறாகச் சொன்னபோது, விஷயம் தெரியாத ஒருவர் மூன்றில் ஒரு தடவைக்குச் சற்று மேலாகவே அவர்களோடு சேர்ந்து தவறினார். ஆனால் கூட்டத்தில் இன்னொருவர் சரியாகச் சொல்லிவிட்டால் போதும், அந்தத் தடுமாற்றம் பெருமளவு மறைந்தது. உங்களுக்கும் ஒரு துணைதான் தேவை. அடுத்த கூட்டத்துக்கு முன்பே ஒரு தோழியிடம் பேசிவையுங்கள். சந்தா நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, தலைவி பேசுவதற்கு முன் எல்லாரும் கருத்தை எழுதிப் போடுங்கள்.

திருத்துறைப்பூண்டி இளைஞர்: பைக் சறுக்கி ஒருவர் சாலையில் கிடந்தார். முப்பது பேர் நின்றும் யாரும் தொடவில்லை. மனிதாபிமானம் செத்துவிட்டதா?

முப்பது பேர் நின்றதால்தான் தம்பி. 1968இல் டார்லியும் லத்தானேயும் செய்த சோதனையில், தனி அறையில் இருந்தவருக்கு இன்டர்காம் வழியே ஒருவர் வலிப்பு வந்து தவிப்பது கேட்டது. தான் ஒருவர் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உதவ எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். பொறுப்பு ஆளுக்குக் கொஞ்சமாகச் சிதறிவிட்டது.

இந்த ஆய்வைத் தூண்டியது 1964இல் நியூயார்க்கில் நடந்த ஒரு கொலை. 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று அன்றைய பத்திரிகை எழுதியது மிகை என்று பின்னால் தெரிந்தது. நானே அதைப் பல ஆண்டுகள் அப்படியே நடத்தித் தொலைத்திருக்கிறேன்.

அடுத்த முறை “யாராவது வாங்க” என்று கத்தாதீர்கள். “நீலச் சட்டை அண்ணே, 108க்கு அடியுங்கள்” என்று ஆளைச் சுட்டுங்கள். போலீஸ் இழுத்தடிக்கும் என்ற பயம் வேண்டாம். உதவ வந்தவரைப் பாதுகாக்க 2016இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்களை உறுதிசெய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்குப் பிரிவு சேர்ந்துவிட்டது.

பேராவூரணி வாசகர்: மொய் விருந்தில் கடன்பட்டவர், வங்கியைக் கூட ஏமாற்றுகிறார், மொய்யை ஏமாற்றுவதில்லை. ஏன்?

வங்கிக்கு முகம் கிடையாது. மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை மூன்றும் இருக்கின்றன.

கடைமடை விவசாயி, வேதாரண்யம் பக்கம்: ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் வந்து சேர்வதில்லை. தலைமடைக்காரர்களுக்கு மனசாட்சியே கிடையாதா?

கோபம் நியாயம். ஆனால் இதில் ஒரு பழைய பிழை இருக்கிறது. அடுத்தவர் செய்தால் அது அவர் குணம். நாம் செய்தால் அது சூழ்நிலை. இரவு இரண்டு மணிக்கு டார்ச்சோடு போய், யாரோ மதகில் திணித்திருந்த சாக்கை உருவி எறிந்து, அந்த ஆளின் பரம்பரையையே திட்டியிருக்கிறேன். பத்து நாளில் என் நாற்று மஞ்சளித்தபோது அதே சாக்கைத் தேடிக்கொண்டு கரையில் நடந்தேன்.

பொதுச் சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று 1968இல் கேரட் ஹார்டின் எழுதினார். பல நாட்டு மேய்ச்சல் நிலங்களையும் பாசனங்களையும் பார்த்து, அப்படி ஆக வேண்டியதில்லை என்று காட்டிய எலினோர் ஆஸ்ட்ராம் 2009இல் பொருளாதார நோபல் பெற்றார். எல்லை தெளிவாக வேண்டும், விதியை அதற்கு உட்படுகிறவர்களே வகுக்க வேண்டும், கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், தண்டனை சிறிதாகத் தொடங்கி ஏற வேண்டும் என்பவை அவர் கண்டவற்றில் சில. முறைவைத்துத் தண்ணீர் விட்ட நம் ஊர்களுக்கு இதில் புதிது என்ன என்று கேட்கத் தோன்றும்.

உங்களுக்கு இன்னும் நெருக்கமானது ராபர்ட் வேட் ஆந்திராவில் பார்த்தது. ஊர்ச் செலவில் பொதுவான பாய்ச்சல் ஆட்களை வைத்து, கட்டுப்பாடாக நடந்தவை பெரும்பாலும் வாய்க்காலின் கடைக்கோடியில் இருந்த ஊர்கள். அவை நல்லவர்களின் ஊர்கள் என்பதால் அல்ல. சேராவிட்டால் பயிர் போய்விடும். தலைமடைக்கு அந்த நெருக்கடி இல்லை. அங்கே மனசாட்சியைத் தேடுவதைவிட, முறை அட்டவணையை மதகடியில் பெயிண்டில் எழுதிவைக்கச் சொல்லிப் போராடுவது பயன் தரும் என்பது என் எண்ணம்.

மயிலாடுதுறை வாசகி: கஜா புயலில் எங்கள் தெருவுக்குப் பெரிய சேதமில்லை. ஆனாலும் “இதைவிடப் பெரிய புயல் வருகிறது” என்று படித்தவர்களே செய்தி பரப்பினார்கள். ஏன்?

சேதமில்லை என்பதே காரணமாக இருக்கலாம். 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் தொகுத்தார். அதிர்ச்சியை உணர்ந்தும் அழிவைக் காணாத ஊர்களில், இனிமேல்தான் பேரழிவு என்ற பேச்சு ஓடியது. அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் இதைப் படித்து வியந்தார். பயந்துகொண்டிருப்பவர்கள் மேலும் பயமுறுத்தும் செய்தியை ஏன் விரும்ப வேண்டும்? உடம்பில் பயம் இருக்கிறது, எதிரில் அதற்குக் காரணம் இல்லை. பொருந்தாத இந்த இரண்டையும் வதந்தி பொருத்திவைக்கிறது என்று முடிவுசெய்தார். பொருந்தாத இரண்டு எண்ணங்களை மனம் எப்படியாவது பொருத்தப் பார்க்கும் என்று 1957இல் அவர் வெளியிட்ட முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கு இது ஒரு வித்து. 2018 நவம்பர் 16 காலையில் வேதாரண்யத்தில் வீட்டுக்கூரையைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு அப்படி ஒரு வதந்தி தேவைப்பட்டிருக்காது.

நீடாமங்கலம் வாசகர்: எங்கள் ஊரில் இரண்டு தெரு இளைஞர்களுக்குத் திருவிழாதோறும் அடிதடி. சேர்த்துவைக்க வழி உண்டா?

1954இல் முசாபர் ஷெரீஃப் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு முகாமில் சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தார். சில நாட்களில் கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை மூண்டது. சேர்ந்து சாப்பிட வைத்தார். சோற்றை எறிந்து சண்டை போட்டார்கள். குடிநீர் நின்றுபோனது, லாரி கிளம்பவில்லை என்று இரு அணியும் சேர்ந்தால்தான் தீரும் சிக்கல்களை உண்டாக்கிய பிறகே பகை தணிந்தது. அந்த லாரியை அவர்கள் இழுத்தது, முன்பு இழுபறிப் போட்டியில் எதிரெதிராகப் பிடித்த அதே கயிற்றால்.

ஆகவே சமபந்தி மட்டும் போதாது. இரண்டு தெருவுக்கும் பொதுவான வாய்க்காலோ குளமோ இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் ஷெரீஃபின் பையன்கள் எல்லாரும் ஒரே மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைகள். உங்கள் இரண்டு தெருவில் ஒரு தெருவின் ஆட்கள் மற்ற தெருவின் கோயிலுக்குள் போகலாமா, வடத்தைத் தொடலாமா என்பதை நீங்கள் எழுதவில்லை. முடியாது என்றால் அதற்கு அடிதடி என்று பெயர் இல்லை. அந்த மனுவைக் கலெக்டர் அலுவலகத்தில் கொடுங்கள், என்னிடம் அல்ல.