இராணுவ உளவுத் துறைத் தளபதியின் வேலை என்ன? ஏலி ஸெய்ரா ஏன் பதவி இழந்தார்?

இராணுவ உளவு என்பது எதிரியின் பலத்தையும் நோக்கத்தையும் அறிந்து, அரசையும் படையையும் முன்கூட்டியே எச்சரிக்கும் பணி. இஸ்ரேலில் இதைச் செய்யும் ‘அமான்’ அமைப்புக்கு 1972-இல் தலைவரானவர் மேஜர் ஜெனரல் ஏலி ஸெய்ரா. கூர்மையான அறிவாளி, அசாத்தியத் தன்னம்பிக்கை கொண்டவர். அந்தத் தன்னம்பிக்கைதான் அவரைக் கவிழ்த்தது என்பேன்.

தொலைதூர விமானங்களோ ஏவுகணைகளோ கிடைக்காமல் எகிப்து போருக்கு வராது, எகிப்து இல்லாமல் சிரியா வராது என்று அமான் உறுதியாக நம்பியது. 1973 அக்டோபர் தொடக்கத்தில் சூயஸ் கால்வாய் ஓரம் எகிப்தின் படைகள் குவிந்தன. எகிப்திலும் சிரியாவிலும் இருந்த சோவியத் இராணுவ ஆலோசகர்களின் குடும்பங்கள் அவசரமாக விமானம் ஏறின. அமானின் அக்டோபர் 5 அறிக்கை படைக்குவிப்பை விரிவாக அடுக்கிவிட்டு, போருக்கான வாய்ப்பு குறைவு என்றே முடிந்தது. மறுநாள் பிற்பகல் இரண்டு மணியளவில் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்க, போர் வெடித்தது.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுகிறது, ஈரக்காற்றும் வீசுகிறது. ‘இந்த மாதம் மழை வராது’ என்று களத்தில் காயும் நெல்லை அள்ளாமல் விட்டால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது.

இந்தத் தவறுகளை ஆராய இஸ்ரேல் அமைத்த அக்ரனாத் விசாரணைக் குழுவின் பரிந்துரைப்படி 1974 ஏப்ரலில் ஸெய்ராவின் பதவி பறிபோனது.

தகவல் கிடைக்காததால்தான் உளவுத் துறை தோற்றது என்று பலர் நினைக்கிறார்கள். தகவல் மேசைமேல் இருந்தது. அதைப் படித்த விதம்தான் தவறு.