ப்ளூ பில்லில் புரோகிராம் ஏற மறுத்தால்: கேள்வி பதில்

எஸ்டிஎம்32 எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர் சிப் உள்ள ப்ளூ பில் என்ற சின்ன போர்டில், கணினியையும் சிப்பையும் இணைக்கும் எஸ்டி-லிங்க் கருவியை வைத்து புரோகிராம் ஏற்றுவது பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சார், முதல் தடவை நன்றாக ஏறியது, எல்இடியும் மின்னியது. இரண்டாவது தடவை சிப்பே இல்லை என்கிறது. போய்விட்டதா?

போகவில்லை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இதே பயத்தில் நானும் ஒரு நல்ல போர்டைக் குப்பையில் போட்டிருக்கிறேன், இன்றும் மனசு கேட்கவில்லை. தொடக்கக் கோடை எழுதித் தரும் கியூப்எம்எக்ஸ் மென்பொருளில் புராஜெக்ட் தொடங்கும்போது 'டீபக்' என்ற இடத்தில் 'சீரியல் வயர்' என்று மாற்றினீர்களா? மாற்றாமல் 'நோ டீபக்' என்றே விட்டால், அது எழுதித் தரும் கோடே பிஏ13 (டேட்டா), பிஏ14 (கிளாக்) பின்களின் டீபக் வேலையை, அதாவது வெளியிலிருந்து சிப்பைக் கட்டுப்படுத்தும் வேலையை, நிறுத்திவிடும். எஸ்டி-லிங்க் சிப்போடு பேசுவது அந்த இரண்டு பின் வழியாகத்தான். உங்கள் புரோகிராம் ஓடத் தொடங்கிய உடனேயே கதவு சாத்தப்படுகிறது.

ஆகவே புரோகிராம் ஓடுவதற்கு முன்பே உள்ளே போக வேண்டும். ரீசெட் ஒயரையும் இணைத்து, சிப்பில் ஃபைலை ஏற்றும் கியூப் புரோகிராமர் மென்பொருளில் 'கனெக்ட் அண்டர் ரீசெட்' தேர்ந்தெடுங்கள். யுஎஸ்பி ஸ்டிக் வடிவில் வரும் சில மலிவு எஸ்டி-லிங்க் நகல்களில் அந்த ரீசெட் பின் எஸ்டிஎம்32க்கு வேலை செய்யாது. அப்போது பூட்0 ஜம்பரை 1 பக்கம் மாற்றி, ரீசெட் பட்டனை அமுக்குங்கள். சிப்புக்குள்ளேயே தயாரிப்பாளர் வைத்திருக்கும் பூட்லோடர் என்ற சின்ன புரோகிராம்தான் ஓடும், உங்கள் கோடு ஓடாது. எஸ்டி-லிங்க் உடனே சிப்பைக் கண்டுபிடிக்கும். அழித்துவிட்டு, 'சீரியல் வயர்' வைத்து கட்டிய புதிய ஃபைலை ஏற்றுங்கள். அப்புறம் ஜம்பரை மறக்காமல் 0க்கு மாற்றுங்கள்.

அண்ணா, ஏறியது, சரிபார்ப்பும் சரி என்று வந்தது. ஆனால் எதுவும் ஓடவில்லை.

முதலில் அந்த ஜம்பரைப் பாருங்கள், இன்னும் 1லேயே இருக்கலாம். அடுத்து முகவரி. ஹெக்ஸ், எல்ஃப் ஃபைல்களில் எங்கே எழுத வேண்டும் என்பது உள்ளேயே இருக்கும். .bin ஃபைலில் இருக்காது, நாம்தான் சொல்ல வேண்டும். இந்த சிப்பில் ஃபிளாஷ் தொடங்கும் இடம் ஹெக்ஸ் கணக்கில் 08000000. சரிபார்ப்பு என்பது, சொன்ன இடத்தில் சொன்னது எழுதப்பட்டதா என்று மட்டும்தான் பார்க்கும். சொன்ன இடம் சரிதானா என்று பார்க்காது.

எத்தனை ஒயர் வேண்டும்? 3.3 வோல்ட் ஒயர் கட்டாயமா?

டேட்டா, கிளாக், கிரவுண்ட் மூன்றும் கட்டாயம். யுஎஸ்பி ஸ்டிக் வடிவ நகல்களில் 3.3 வோல்ட் பின் போர்டுக்கு மின்சாரம் தரும். அசல் எஸ்டி-லிங்க் வி2வில் முதல் பின் மின்சாரம் தராது, உங்கள் போர்டின் வோல்டேஜை அளக்க மட்டுமே. அதனால் அசலோடு வேலை செய்யும்போது போர்டுக்குத் தனி சப்ளை கொடுங்கள். ஒயரைக் குட்டையாக வையுங்கள். நீளமாகத்தான் வைக்க முடியும் என்றால் கிளாக் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

புரோகிராம் ஏற்றும் இலவச மென்பொருளான ஓப்பன்ஓசிடி, 'எதிர்பாராத ஐடிகோடு' (சிப்பின் அடையாள எண்) என்று நின்றுவிடுகிறது. எண் 1இல் தொடங்காமல் 2இல் தொடங்குகிறது.

உங்கள் போர்டில் இருப்பது அநேகமாக அசல் எஸ்டிஎம்32 அல்ல, அதைப் போலச் செய்த வேறு சிப். எதிர்பார்க்கும் ஐடியை ஓப்பன்ஓசிடியின் டார்கெட் (சிப்) அமைப்பில் மாற்றினால் ஏறிவிடும். கற்றுக்கொள்ள இது போதும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பொருளில் மட்டும் தயவுசெய்து போடாதீர்கள்.

லினக்ஸில் சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டால்தான் எஸ்டி-லிங்க் வேலை செய்கிறது.

சாதாரண பயனருக்கும் அந்தக் கருவியைப் பயன்படுத்த அனுமதி தரும் யூடெவ் ரூல் ஃபைலை நிறுவி, ஸ்டிக்கைக் கழற்றி மீண்டும் செருகுங்கள்.

சார், ரிப்பேருக்கு வந்த ஒரு போர்டில் சிப் லாக் ஆகியிருக்கிறது. லாக்கை எடுத்து உள்ளே இருப்பதை காப்பி எடுக்கலாமா?

முடியாது. உள்ளே இருப்பதைப் படிக்கவிடாத அந்த லாக்கை நீக்கும் அதே கணத்தில் சிப் முழு ஃபிளாஷையும் அழித்துக்கொள்ளும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கையில் அசல் ஃபைல் இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள். பொருள் இன்னொருவருடையது.

எஸ்டி-லிங்க் வாங்க இப்போது காசு இல்லை. ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்ன போர்டு ஒன்று இருக்கிறது. அதை வைத்து ஏற்ற முடியுமா?

அதுவே போதும், தம்பி. பிக்கோவை டீபக் கருவியாக மாற்றும் ஃபர்ம்வேரை ராஸ்பெர்ரி பை இலவசமாகவே தருகிறது. பூட்செல் பட்டனை அமுக்கியபடி யுஎஸ்பியில் செருகினால் பென்டிரைவ் போலத் தெரியும், அந்த ஃபர்ம்வேர் ஃபைலை அதில் இழுத்துப் போடுங்கள். பிக்கோவின் ஜிபி2 பின் கிளாக், ஜிபி3 பின் டேட்டா, அதோடு ஒரு கிரவுண்ட். ஓப்பன்ஓசிடியில் இன்டர்ஃபேஸை (எந்தக் கருவி என்பதை) மட்டும் சிஎம்சிஸ்-டாப் (cmsis-dap) என்று மாற்றினால் சரி. இன்று ராத்திரியே உட்கார்ந்து பாருங்கள். எங்கே நின்றாலும் வந்த பிழைச் செய்தியை அப்படியே எழுதி அனுப்புங்கள்.