அகாடமியில் பெண் ஓவியர்களுக்கு இடம் இருந்ததா, இல்லையா?

கேள்வி: நுண்கலைக் கல்லூரியில் படிக்கிறேன். பழைய ஐரோப்பிய அகாடமிகளில் பெண் ஓவியர்கள் என்ற தலைப்பில் வகுப்பில் 15 நிமிடம் பேச வேண்டும். பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று ஓரிடத்தில் படிக்கிறேன், தடுத்தார்கள் என்று இன்னோரிடத்தில். எதை நம்புவது, எங்கே தொடங்குவது?

பதில்: இரண்டுமே உண்மை. உறுப்பினர் பதவி கிடைத்தது, ஆனால் பயிற்சி கிடைக்கவில்லை. இதைப் பிரித்துக் காட்டினாலே உங்கள் பேச்சு நிமிர்ந்து நிற்கும். ஐரோப்பா முழுவதையும் 15 நிமிடத்தில் அடக்கப் பார்க்காதீர்கள். பாரிஸை எடுங்கள், அதிலும் 1783 மே 31 என்ற ஒரே நாளில் தொடங்குங்கள்.

அன்றுதான் அதெலெய்த் லபீல்-கியார், எலிசபெத் விஜே லெ ப்ரன் இருவரும் பிரெஞ்சு அரச அகாடமியில், அதாவது ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்குமான அரசு அமைப்பில், சேர்க்கப்பட்டார்கள். 1648இல் தொடங்கிய அந்த அகாடமி 1663இலேயே ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தது. ஆனால் 1770இல், ஒரே சமயத்தில் நான்கு பெண்களுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது. இந்த இருவர் வந்ததும் அந்த நான்கு இடமும் நிரம்பிவிட்டது. அடுத்து எவ்வளவு திறமைசாலி வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தப் பதவிக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பதையும் வகுப்புக்குச் சொல்லுங்கள். லூவ்ர் அரண்மனையில் நடந்த சலோன் கண்காட்சியில் 1791 வரை அகாடமிக்காரர்கள் மட்டுமே படம் வைக்கலாம். அங்கே படம் தொங்கினால்தான் பெரிய வாடிக்கையாளர்கள் கண்ணில் படும்.

அப்புறம், கிடைக்காதது என்ன? ஆடையில்லாத ஆண் மாடலை வைத்து உடலமைப்பு வரையும் வகுப்புதான் அகாடமிப் பயிற்சியின் அடித்தளம். அதில் பெண்களுக்கு அனுமதி இல்லை, பேராசிரியராகவும் முடியாது. அன்று மிக உயர்ந்ததாக வைக்கப்பட்டது புராண, வரலாற்று ஓவியம். அதற்கு உடலமைப்பு கைவந்திருக்க வேண்டும். ஆகவே பல பெண்கள் உருவப்படம், பழம், பூ என்று ஒதுங்கியதை ‘பெண்களின் ரசனை’ என்று யாராவது சொன்னால் விடாமல் மறுத்துப் பேசுங்கள். வகுப்பறையைப் பூட்டிவிட்டு ரசனையைக் காரணம் காட்டுவது நியாயமே இல்லை.

லபீல்-கியாருக்கு நான் அதிக நேரம் ஒதுக்குவேன். அவருடைய படங்களைத் திருத்திக் கொடுப்பது அவருடைய ஆசிரியர் வன்சான்தான் என்று ஊரில் பேச்சு இருந்தது. லபீல்-கியார் என்ன செய்தார் தெரியுமா? அகாடமி உறுப்பினர்களையே தன் முன் உட்காரவைத்துப் பேஸ்டல் என்ற வண்ணக் குச்சிகளால் வரைந்தார். அவரைச் சேர்க்கலாமா என்று ஓட்டுப் போட வேண்டியவர்களே அவர் கை வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தார்கள். சிற்பி பாஜூ வேலையில் மூழ்கியிருக்கும் 1782ஆம் ஆண்டுப் படம் அந்த வரிசையில் வந்ததுதான்.

திரையில் பெரிதாகக் காட்ட அவருடைய 1785ஆம் ஆண்டுப் படத்தை எடுங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அவர்கள் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். பட்டு உடையில் வண்ணத் தட்டும் தூரிகையுமாக அவர், பின்னால் இரண்டு மாணவிகள். நான்கு பேர் வரம்பு அமலில் இருந்த காலத்தில், சலோனுக்கு வந்த கூட்டத்தின் முன் ஒரு பெண் தன் மாணவிகளோடு ஆளுயரத்தில் நிற்கிறார். ‘அடுத்து இவர்கள் வருவார்கள்’ என்ற கோரிக்கையாகவே நான் அதைப் பார்க்கிறேன். 1790இல் அந்த வரம்பை நீக்கச் சொல்லி அகாடமியிடமே வாதாடினார். 1793இல் அகாடமியே கலைக்கப்பட்டுவிட்டது.

விஜே லெ ப்ரனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கணவர் ஓவிய வியாபாரி என்பதால், வியாபாரத் தொடர்பைத் தடுத்த அகாடமி விதி குறுக்கே நின்றது, ராணி மரி அந்துவானெத்தின் ஆதரவில் அரச உத்தரவு வந்துதான் உள்ளே போக முடிந்தது. லபீல்-கியாரையும் இவரையும் எதிரிகளாக நிறுத்தும் கதையைத் தயவுசெய்து பேச்சில் சேர்க்காதீர்கள். ஓவியத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தை அது தின்றுவிடும்.

லண்டனைப் பற்றி யாராவது கேட்பார்கள். 1768இல் ராயல் அகாடமியைத் தொடங்கியவர்களில் ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் இருவரும் உண்டு. ஆனால் உறுப்பினர்கள் மாடலைச் சுற்றிக் கூடியிருப்பதாக ஓவியர் ஜொஃபனி வரைந்த படத்தில் இந்த இருவரும் சுவரில் மாட்டிய உருவப்படங்களாக மட்டும் இருக்கிறார்கள். முழு உறுப்பினராக அடுத்த பெண், லாரா நைட், தேர்ந்தெடுக்கப்பட்டது 1936இல்.

நேரம் மிஞ்சினால் 1785ஆம் ஆண்டுப் படத்தில் நிற்கும் மாணவிகளில் ஒருவரான மரி கப்ரியேல் கபே 1808இல் வரைந்த ஓவியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியை லபீல்-கியார் இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், அந்த ஆசிரியை தன் ஓவிய அறையில் வேலை செய்வதாக வரைந்திருக்கிறார். மியூனிக்கில் இருக்கிறது.