கலைவதைப் பற்றி ஏன் கேட்கவில்லை?

அன்புள்ள ஐயா,

முதுநிலைத் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு, சூடு போன்ற நெருக்கடியில் செல்லுக்குள் திரளும் துகள்களான ஸ்ட்ரெஸ் கிரானியூல்களை எடுக்கலாம் என்று நினைத்தேன். “அது மனித செல் விஷயம், செடியில் அதையே திரும்பச் செய்து என்ன கிடைக்கப்போகிறது?” என்று கைடு சொல்லிவிட்டார். இந்தத் துகள்கள் எப்படி உருவாகின்றன? அவை, புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவைக் காக்கும் கிடங்கா, குப்பைத்தொட்டியா? இதில் வேலைவாய்ப்பு எப்படி?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள மாணவிக்கு,

இரண்டு வாரமாக நானும் இந்தத் துகள்களைப் பற்றித்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். வேலைவாய்ப்பை என்னிடம் கேட்காதீர்கள். ப்ராஜெக்ட் தொடங்கும் முன்பே அதைக் கேட்பது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

கைடு சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டு வந்துவிட்டீர்களா? ஒரு மணி நேரம் செலவழித்துத் தேடியிருந்தால் விஷயம் தலைகீழ் என்று தெரிந்திருக்கும். 1983இல் கிழக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் லுட்ஸ் நோவர் குழுவினர் தக்காளி செல்களைச் சூடாக்கி, சைட்டோபிளாசத்தில், அதாவது உட்கருவுக்கு வெளியே உள்ள செல் பகுதியில், துகள்கள் திரள்வதை எழுதினார்கள். பாஸ்டனில் நான்சி கெடர்ஷாவும் பால் ஆண்டர்சனும் பாலூட்டி செல்களில் டிஐஏ-1 புரதத்தை வைத்து இன்று எல்லோரும் மேற்கோள் காட்டும் கட்டுரையை வெளியிட்டது 1999இல். தக்காளியில் கண்ட வெப்பத் துகள்களும் ஸ்ட்ரெஸ் கிரானியூல்களும் வெவ்வேறு என்று 2008இல் தெளிவானது உண்மைதான். அதைக் காட்டிய கட்டுரையிலும் நோவரின் பெயர் இருக்கிறது. செடிக்காரர்கள் யாரையும் பார்த்து எழுதவில்லை, அம்மா.

உருவாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சூடோ ஆர்சனைட் என்ற நஞ்சோ தாக்கியதும் செல் புரத உற்பத்தியைத் தொடக்கத்திலேயே நிறுத்துகிறது. எம்ஆர்என்ஏ மேல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த, புரதம் கோக்கும் ரைபோசோம்கள் வேலையை முடித்து இறங்கிவிட, எம்ஆர்என்ஏ வெறுமையாகிறது. அதன்மேல் ஆர்என்ஏவைப் பிடிக்கும் புரதங்கள் வந்து ஒட்டுகின்றன. பாலூட்டிகளில் டிஐஏ-1, ஜி3பிபி. செடிகளில் யூபிபி1, ஆர்பிபி47. ஒவ்வொன்றும் பல இடங்களில் பிடிக்கக்கூடியது என்பதால் சவ்வே இல்லாமல் துளிபோலத் திரள்கின்றன. சைக்ளோஹெக்சிமைடு என்ற வேதிப்பொருளைக் கொடுத்து ரைபோசோம்களை எம்ஆர்என்ஏ மேலேயே உறையவைத்தால் துகள் வராது. இது ஒன்றே போதும், வழி புரிந்துவிடும்.

கிடங்கா, குப்பைத்தொட்டியா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். ஒளிரும் புரதம் உள்ள துகள்மேல் லேசரைப் பாய்ச்சி ஒளியை அணைத்தால், டிஐஏ-1 விஷயத்தில் சில விநாடிகளிலேயே வெளிச்சம் திரும்பிவிடுகிறது. வெளியிலிருந்து புதிய புரதம் வந்துவிட்டது என்று அர்த்தம். சந்தை அதே இடத்தில் இருக்கிறது, சரக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. பாலூட்டி செல்களில் மொத்த எம்ஆர்என்ஏவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உள்ளே இருக்கிறது என்று 2017இல் கணக்கிட்டார்கள். உள்ளே இருக்கும் சிலவற்றில் புரத உற்பத்தி நடப்பதையே 2020இல் பார்த்துவிட்டார்கள்.

உருவாவதைக் கேட்டீர்கள். கலைவதைக் கேட்கவில்லை. இதுதான் எனக்குக் கோபம். நம் வகுப்பறைகளிலும் யாரும் கேட்பதில்லை. வெயில் தணிந்தபின் செல் மறுபடி வேலைக்குத் திரும்ப வேண்டாமா? துகள் கலையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மனிதரிடமே தடயம் இருக்கிறது: தசைகளை முடக்கும் ஏஎல்எஸ் நோயாளிகள் சிலரிடம் டிஐஏ-1இல் மாற்றம் இருப்பதையும், அந்த மாற்றம் துகள் கலைவதைத் தாமதப்படுத்துவதையும் 2017இல் கண்டார்கள்.

செடியிடம் இதற்கென ஒரு கருவி இருக்கிறது: ஹெச்எஸ்பி101. சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன புரதங்களைப் பிரித்தெடுப்பது அது. ஈஸ்டிலும் அதன் உறவு உண்டு. விலங்கு செல்லின் சைட்டோபிளாசத்தில் அது கிடையாது, விலங்குகள் அதைப் பரிணாமத்தில் தொலைத்துவிட்டன. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் சூடு தணிந்ததும் ரைபோசோம் புரதங்களுக்கான எம்ஆர்என்ஏ துகளிலிருந்து வெளியே வந்து வேலையைத் தொடங்க இந்த ஹெச்எஸ்பி101 வேண்டும் என்று 2017இல் காட்டியிருக்கிறார்கள். மனித செல்லில் இல்லாத ஒரு கருவியை வைத்துச் செடி செய்யும் காரியம் எப்படி நகல் ஆகும்? உங்கள் கைடிடம் இதை மரியாதையாக, ஆனால் கட்டாயம் கேளுங்கள்.

எலிசபெத் வீர்லிங் ஆய்வகத்தார் 2000இல் எழுதிய ஹாட்1 என்ற, மரபணு மாறிய அராபிடாப்சிஸ் செடிக்கு ஹெச்எஸ்பி101 வேலை செய்யாது. அவர்களுடைய சோதனையை ஆய்வு மாணவனாக இருந்தபோது செய்து பார்த்தேன். பெட்ரி தட்டை நிமிர்த்தி வைத்து இருட்டில் நாற்றுகளை வளர்க்க வேண்டும். வெளுத்த தண்டு, மேலே மஞ்சள் கொக்கி. முதலில் 38 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். பிறகு 22 டிகிரியில் ஓய்வு. அப்புறம் 45 டிகிரியில் இரண்டு மணி நேரம். சூடு முடிந்ததும் தண்டு எட்டியிருக்கும் உயரத்தைத் தட்டின் முதுகில் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டேன். சில நாள் கழித்துத் திறந்தால் சாதாரண நாற்றுகள் கோட்டைத் தாண்டி வளர்ந்திருந்தன. ஹாட்1 போட்ட கோட்டிலேயே நின்றுவிட்டது. வெள்ளையாக, வளையாமல், உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல். இது முழுக்கத் துகளின் கதை என்று சொல்ல மாட்டேன். ஹெச்எஸ்பி101க்கு வேறு வேலைகளும் உண்டு. ஆனால் மீள்வது தனி வேலை என்று அந்தத் தட்டில்தான் நான் கண்ணால் கண்டேன்.

வெப்பம்தான் வேண்டும் என்றில்லை. அராபிடாப்சிஸ் நாற்றுக்கு ஆக்ஸிஜன் குறைந்தால் யூபிபி1சி புரதம் ஒரு பகுதி எம்ஆர்என்ஏவைப் பிடித்து வைப்பதையும், காற்று கிடைத்ததும் அவை சீக்கிரமே ரைபோசோம்களிடம் திரும்புவதையும் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் ஜூலியா பெய்லி-செர்ரஸ் ஆய்வகம் 2014இல் எழுதியது. அதை முதலில் வாசியுங்கள். பிறகு 1983, 2008 கட்டுரைகளையும் 2017இன் ஹெச்எஸ்பி101 கட்டுரையையும் இதே வரிசையில். சுருக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதாதீர்கள், அது கடிதத்திலேயே தெரிந்துவிடும். எந்தச் சோதனையைச் செய்தாலும் சூட்டுக்குப் பிறகு இரண்டு மணி, நான்கு மணி, மறுநாள் என்று மாதிரி எடுத்து வையுங்கள். முடிவு எதுவானாலும் எனக்கு அனுப்புங்கள்.