கிட் ஸ்டேட்டஸ் போட்டால் பத்து வினாடிக்கு மேல் ஆகிறது. ரெப்போவைப் பிரித்துவிடலாமா?

நீங்கள் எழுதியிருக்கும் தோரணையைப் பார்த்தால், டீமில் பாதி முடிவு எடுத்தாயிற்று, மீதிப் பாதிக்கு ஆதரவு தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. நானும் இப்படித் தேடி அலைந்தவன்தான். அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. (புதியவர்களுக்கு: கிட் என்பது கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் மென்பொருள். ரெப்போ, கோடும் அந்த வரலாறும் இருக்கும் களஞ்சியம். ஸ்டேட்டஸ், இப்போது என்ன மாறியிருக்கிறது என்று காட்டும் கட்டளை.)

எங்கள் ரெப்போவில் 2,80,000 ஃபைல்கள். ஸ்டேட்டஸ் வர 14 வினாடி. கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அனுபவித்தவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். "இவ்வளவு பெரிசுக்கு கிட் ஆகாது, ஆறாகப் பிரிப்போம்" என்று ஸ்லைடு போட்டேன். ஃபேஸ்புக் கிட்டுக்குப் போட்டியான மெர்க்குரியல் பக்கம் போனதையும், 2017-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் கோடை (35 லட்சம் ஃபைல்கள், 300 ஜிபி) கிட்டுக்குள் கொண்டுவர ஒரு மெய்நிகர் ஃபைல் சிஸ்டமே எழுதவேண்டி வந்ததையும் அதில் சேர்த்தேன். அவ்வளவு பெரிய ஆட்களே திணறினார்கள், நாம் எம்மாத்திரம் என்பது என் வாதம். அவர்கள் அத்தனை பாடுபட்டதே ஒரே ரெப்போவாக வைத்துக்கொள்ளத்தான் என்பதைக் கூட்டத்தில் ஒருவரும் சுட்டிக்காட்டவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

நான்கு மாதம் பிடித்தது. பிரித்த முதல் வாரம் ஸ்டேட்டஸ் கண் இமைக்கும் நேரத்தில் வந்தது. வந்து வந்து கை கொடுத்தார்கள்.

பிறகு ஆரம்பித்தது தலைவலி. பொதுவான ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்ற ஆறு ரெப்போவில் ஆறு ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை), அதுவும் வரிசை தப்பாமல் மெர்ஜ் ஆகவேண்டும். முன்பெல்லாம் பைசெக்ட் (பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று பாதி பாதியாகத் தேடும் கட்டளை) ஓடவிட்டால் அரை மணியில் சிக்கும் பிழை மூன்று நாள் எடுத்தது. எந்த ரெப்போவின் எந்த கமிட் (பதிவுசெய்த மாற்றம்) எதனோடு சேர்ந்து ஓடியது என்பதே ஆராய்ச்சியாகிவிட்டது. ("சப்மாட்யூல், அதாவது ரெப்போவுக்குள் ரெப்போ, வைத்திருந்தால்" என்று தொடங்கப் போகிறவர்களுக்கு: வைத்திருந்தோம்.)

இரண்டு மாதம் கழித்து டெஸ்ட் ரெப்போ மட்டும் மறுபடி மெதுவானது. 11 வினாடி. அதில் இருந்ததோ வெறும் 9,000 ஃபைல். லினக்ஸ் கெர்னலில் இதைப்போல் பல மடங்கு உண்டு, அது பாட்டுக்கு கிட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பிதான் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டவைக்கும் 'கிட்_ட்ரேஸ்2_பெர்ஃப்' என்ற மாறிக்கு 1 கொடுத்து ஸ்டேட்டஸை ஓட்டினான். "அண்ணா, எல்லாம் சட்டுனு முடியுது. 'அன்ட்ராக்ட்'னு இருக்கிற ஒரு வரிக்கு மட்டும் பத்து வினாடி போகுது பாருங்க" என்றான்.

ஸ்டேட்டஸ் மூன்று வேலை செய்கிறது. கடைசி கமிட்டையும் இண்டெக்ஸையும் (அடுத்த கமிட்டுக்காக கிட் வைத்திருக்கும் ஃபைல் பட்டியல்) ஒப்பிடும். இண்டெக்ஸில் உள்ள ஒவ்வொரு ஃபைலையும் டிஸ்கில் தொட்டு, மாறியிருக்கிறதா என்று பார்க்கும். மூன்றாவதாக, தனக்குத் தெரியாத புது ஃபைல் எங்காவது இருக்கிறதா என்று ஃபோல்டர் ஃபோல்டராக ஏறி இறங்கும். 'அன்ட்ராக்ட்' என்பது இதுதான். எங்கள் டெஸ்டுகள் 'ரிசல்ட்ஸ்' ஃபோல்டரில் குப்பையாகக் கொட்டும். ஆறு லட்சம் ஃபைல் சேர்ந்திருந்தது. கிட் அவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று இக்னோர் செய்யத்தான் செய்திருந்தோம், ஆனால் 'நட்சத்திரம் புள்ளி அவுட்' என்று ஃபைல் வகையைச் சொல்லி. அப்படிச் சொன்னால் கிட் உள்ளே போய் ஒவ்வொரு பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்தே தீரவேண்டும். ஃபோல்டர் பெயரோடு ஒரு சாய்கோடு போட்டிருந்தால் வாசலிலேயே திரும்பியிருக்கும்.

ஆக, நான் பிரித்ததால் வேகம் வரவில்லை. எல்லோரும் புதிதாக குளோன் செய்ததால் (ரெப்போவின் பிரதியை இறக்கியதால்) குப்பை இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் ஒரு மாதம் வேகத்தைப் பற்றி முணுமுணுக்கவே மாட்டார்கள். கூச்சம் என்று நினைத்திருந்தோம்!

அவன் அடுத்துக் கேட்டதுதான் இன்றும் குத்துகிறது. "புது ஃபைல் தேட ரெண்டு வினாடிக்கு மேல ஆனா, இத்தனை வினாடி ஆச்சுன்னு கிட்டே கடைசியில சொல்லுமே, நம்ம மெஷின்ல ஏன் வரல?" ஏன் என்று எனக்குத் தெரியும். தொணதொணவென்று இருக்கிறதே என்று அந்த அறிவிப்பை எல்லோருடைய மெஷினிலும் அணைத்துவைத்த செட்டப் ஸ்கிரிப்ட் நான் எழுதியது.

பழைய ரெப்போவின் பிரதி ஒன்று என்னிடம் இருந்தது. அதில் அந்த ஒரு இக்னோர் வரியை மாற்றினேன். 14 வினாடி 3 ஆனது. கிட் 2.37-இல் (2022) விண்டோஸுக்கும் மேக்குக்கும் ஃபைல் மாற்றத்தைக் கண்காணிக்கும் எஃப்எஸ்மானிட்டர் கூடவே வந்துவிட்டது. அதையும், புது ஃபைல் தேடலின் முடிவை நினைவில் வைக்கும் அன்ட்ராக்ட் கேஷையும் போட்டதும் ஒரு வினாடிக்குள் வந்தது.

சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வருட அப்ரைசலில் நான்கு மாதம் பிரித்ததற்கு எனக்குப் பாராட்டுப் பத்திரம். இக்னோர் வரியைத் திருத்தி ஒரே வரி கமிட் போட்ட தம்பிக்கு 'எதிர்பார்த்த அளவு'. மேனேஜரிடம் போய்ப் பேசினேன். "இம்பாக்ட் பெரிசா தெரியலையே" என்றார். அடுத்த வருடமே அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். எங்களுக்கோ அந்த ஆறு ரெப்போ இன்றும் அப்படியே கிடக்கிறது. ஒட்டவைக்க யாருக்கும் தெம்பில்லை.

பிரிப்பதே தப்பு என்று நான் சொன்னதாகத் திரிக்க வேண்டாம். தனித்தனி டீம், தனித்தனி ரிலீஸ் என்றால் தாராளமாகப் பிரியுங்கள். உங்கள் தொல்லை குளோன் எடுக்கும் நேரம் என்றால் அது வேறு கதை: வரலாற்றில் யாராவது பெரிய பைனரிகளை (படம், வீடியோ மாதிரி ஃபைல்கள்) போட்டிருப்பார்கள், இப்போது அழித்தாலும் பழைய கமிட்டில் அது இருக்கும். அதற்குப் பழைய ஃபைல்களைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் பார்ஷியல் குளோன் இருக்கிறது. வேண்டிய ஃபோல்டர்களை மட்டும் டிஸ்கில் வைக்கும் ஸ்பார்ஸ் செக்அவுட்டுக்கு கிட் 2.25-இலிருந்து தனிக் கட்டளையும் இருக்கிறது.

நீங்கள் சொல்வது ஸ்டேட்டஸ் என்பதால், அந்த ட்ரேஸை ஓட்டி மூன்றில் எது நேரத்தைத் தின்கிறது என்று பாருங்கள். அதற்கும் முன்னால், ஸ்டேட்டஸின் கடைசி வரியைப் படியுங்கள். அப்படி ஒரு வரியே வரவில்லை என்றால், கிட்டின் கன்ஃபிக்கில் (அமைப்புகளில்), இந்த அறிவிப்புகளை அணைக்கும் 'அட்வைஸ்' என்று தேடிப் பாருங்கள். உங்கள் டீமிலும் என்னை மாதிரி ஒருவன் இருக்கலாம்.